செல்லாத காசு! டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கைக் கதை

கையில் காசு இருந்தால் கடையில் சாமான் கிடைக்கும். கூலி கொடுத்தால் வண்டி வரும். வாடகை கொடுத்தால் தங்க இடம் கிடைக்கும். இதுதான் உலக வழக்கம்.

ஆனால் ஒருவருடைய காசு மட்டும் செல்லவில்லை. அது கள்ளக் காசு அல்ல. சர்க்கார் அச்சடித்த நல்ல காசுதான். காசில் குறை இல்லை. அதை நீட்டிய கை எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கைக்கு உரியவர், பின்னாளில் ரூபாயைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். லண்டன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவராகவும் ஆனார்.

அவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பலரும் அறிவார்கள். ஆனால் சோறு, தண்ணீர், வீடு, வேலை, கூலி ஆகியவற்றுக்காக அவர் பட்ட பாடும், அவற்றிலிருந்து அவர் கற்ற பாடமும் அந்த அளவுக்குத் தெரியாது. அந்தக் கதை இது.

சிப்பாயின் மகன்

மத்தியப் பிரதேசத்தில் மவ் என்று ஓர் ஊர் உண்டு. பட்டாளத்து ஊர். அங்கே 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பீமராவ் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால், பட்டாளத்தில் சுபேதார். தாய் பீமாபாய். பெற்றோருக்கு அவர் பதினான்காவது பிள்ளை.

சொந்த ஊர், கொங்கண நாட்டில் ரத்தினகிரி ஜில்லாவில் உள்ள ஒரு சிறு கிராமம். ஜாதி, மகர் ஜாதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜாதி அது.

கிராமத்தில் மகர்களுக்கு என்ன வேலை? ஊர் எல்லையைக் காப்பது, சர்க்கார் ஓலையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடுவது, அதிகாரி வந்தால் கூப்பிட்ட குரலுக்கு நிற்பது, செத்த மாட்டை இழுத்துப் போடுவது. இவைதான். இதற்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு துண்டு மானிய நிலம் உண்டு. அறுவடைக் காலத்தில் களத்தில் கொஞ்சம் தானியம் கிடைக்கும். அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனியின் பட்டாளத்தில் மகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குக் கிராமத்தை விட்டு வெளியேற ஒரு வாசல். மாதம் பிறந்தால் சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ராம்ஜியே பட்டாளத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

1890-களின் தொடக்கத்தில் அந்த வாசலும் மூடப்பட்டது. மகர்களை இனிப் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று சர்க்கார் முடிவு செய்துவிட்டது. ஒரு காகிதத்தில் போட்ட உத்தரவு. ஒரு ஜாதியின் பிழைப்பே போய்விட்டது.

அக்காதான் நாவிதர்!

ராம்ஜி ஓய்வு பெற்றபின் குடும்பம் சதாராவில் குடியேறியது. பீமராவுக்கு ஆறு வயது ஆவதற்குள் தாய் இறந்துபோனார். அத்தை மீராபாய் வளர்த்தார்.

பள்ளிக்கூடத்தில் பீமராவுக்குத் தனி இடம். மற்ற மாணவர்களோடு உட்காரக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டைக் கொண்டுபோய், மூலையில் விரித்து உட்கார வேண்டும். மாலையில் அதை வீட்டுக்கே எடுத்து வந்துவிட வேண்டும். பள்ளியைக் கூட்டும் வேலைக்காரன்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டான்.

தாகம் எடுத்தால்? குழாயைத் தானே திறக்கக் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

வீட்டில் இன்னொரு சங்கதி நடந்தது. துணி வெளுப்பது சகோதரிகளின் வேலை. பையன்களுக்கு முடி வெட்டுவதும் அக்காதான். வெட்டி வெட்டி அந்த அக்கா தேர்ந்த நாவிதர் ஆகிவிட்டார்!

சதாராவில் சலவைத் தொழிலாளர் இல்லையா? இருந்தார்கள். நாவிதர் இல்லையா? அவர்களும் இருந்தார்கள். கூலி கொடுக்கக் காசு இல்லையா? சுபேதார் வீட்டில் அதுவும் இருந்தது. ஆனால் மகர் வீட்டுத் துணியை வெளுக்கவும், மகர் வீட்டுப் பிள்ளைக்கு முடி வெட்டவும் யாரும் தயாராக இல்லை.

காசு செல்லாது என்பதை பீமராவ் முதலில் கற்றது இங்கேதான்.

இரட்டைக் கூலி

1901-ம் ஆண்டு. பீமராவுக்குச் சுமார் பத்து வயது. தந்தை கோரேகாவ் என்ற ஊரில் காசாளர் வேலை பார்த்துவந்தார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லியிருந்தார்.

பீமராவும், அண்ணனும், இறந்துபோன மூத்த சகோதரியின் பிள்ளைகளும் புறப்பட்டார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மகிழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்!

மசூர் ரெயில் நிலையத்தில் இறங்கினார்கள். தந்தை வரவில்லை. ஆளும் வரவில்லை. பிள்ளைகள் எழுதிய கடிதம் அவர் கைக்குக் கிடைக்கவே இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரித்தார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள். பிராமண வீட்டுக் குழந்தைகள் என்று நினைத்துவிட்டார். மகர்கள் என்று பீமராவ் உண்மையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. விலகிப் போய்விட்டார்.

வெளியே மாட்டு வண்டிகள் நிறைய நின்றன. ஆனால் ஒருவரும் வர மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னார்கள். அப்போதும் வண்டிக்காரர்கள் அசையவில்லை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும். வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். கூலி மட்டும் இரண்டு மடங்கு!

இந்தப் பேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் காசை வாங்க வண்டிக்காரனுக்குத் தயக்கம் இல்லை. அவர்களோடு உட்காரத்தான் தயக்கம். வேலையும் செய்யாமல், கூலியையும் இரட்டிப்பாக வாங்கிக்கொள்ள ஜாதி அவனுக்கு உரிமை கொடுத்திருந்தது. ஜாதியில் தாழ்ந்தவன் எந்தச் சாமானுக்கும் அதிக விலை கொடுக்கவேண்டும். கொடுத்தும் பாதிதான் கிடைக்கும்.

இரவெல்லாம் பயணம். கையில் சாப்பாடு இருந்தது, தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பட்டினியாகவே படுத்தார்கள். மறுநாள் பகலில்தான் தந்தையின் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மகாராஜாவின் உதவி

பிறகு குடும்பம் பம்பாய்க்குப் போயிற்று. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் பரேல் பகுதியில் குடித்தனம். 1907-ல் பீமராவ் மெட்ரிக்குலேஷன் தேறினார். ஒரு மகர் பையன் அந்தப் பரீட்சையில் தேறியது பெரிய அதிசயம். பாராட்டுக் கூட்டமே நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் கேலுஸ்கர் என்ற அறிஞர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பீமராவுக்குப் பரிசாகத் தந்தார். இதற்கிடையே ரமாபாயோடு அவருக்குக் கலியாணமும் ஆகியிருந்தது.

கல்லூரிப் படிப்புக்குப் பணம்? பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. ஆனார். 1913-ல் தந்தை காலமானார். அதே ஆண்டில், மகாராஜாவின் உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகம். அங்கே சாக்குத் துண்டு இல்லை. தனி மூலை இல்லை. இரவு பகலாகப் படித்தார். 1915-ல் எம்.ஏ. பட்டம். பழங்கால இந்திய வணிகம் பற்றி ஆராய்ந்தார். 1916-ல் இந்திய ஜாதிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆனால் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்துவிட்டது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஆசையோடு வாங்கிய புத்தகங்களைத் தனிக் கப்பலில் அனுப்பியிருந்தார். போர்க் காலம் அது. அந்தக் கப்பலை எதிரிகள் மூழ்கடித்துவிட்டார்கள்.

பரோடாவில் பதினோரு நாள்

ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனார். சமஸ்தானத்தின் கணக்கு இலாகாவில் உத்தியோகம். எதிர்காலத்தில் நிதி மந்திரி ஆக்கவேண்டும் என்பது மகாராஜாவின் எண்ணம்.

உத்தியோகம் தயார். தங்க இடம்?

இந்து ஓட்டல்களில் இடம் கிடைக்காது. பார்சிகளுக்கான சத்திரம் ஒன்று இருந்தது. சத்திரத்துக் காவலரிடம் பேசி, பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு அங்கே தங்கினார். மாடியில் வேறு ஆளே இல்லை. இரவில் விளக்கு வெளிச்சமும் சரியாக இல்லை. புத்தகமே துணை.

அலுவலகத்திலோ, கீழ்நிலைச் சேவகர்கள்கூட அவர் கையில் காகிதத்தைக் கொடுக்கமாட்டார்கள். மேஜை மேல் தூரத்திலிருந்து எறிவார்கள்.

பதினோராவது நாள் காலை. அவர் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தடதடவென்று மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து நின்றார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கோபித்தார்கள். மாலைக்குள் காலி செய்யும்படி கட்டளையிட்டுவிட்டுப் போனார்கள்.

தெரிந்த நண்பர்கள் இருவரிடம் உதவி கேட்டார். ஒருவர் இந்து. அவரைச் சேர்த்துக்கொண்டால் வீட்டு வேலைக்காரர்கள் ஓடிவிடுவார்களாம். மற்றவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்லமுடியும் என்று தட்டிக்கழித்தார்.

பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை அங்கேயே இருந்தார். பிறகு பம்பாய் ரெயில் ஏறினார்.

அமெரிக்காவில் படித்த பொருளாதார நிபுணர். சமஸ்தானமே தேடிக் கொடுத்த வேலை. ஆனாலும் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காததால் அந்த வேலை போயிற்று!

இந்துவுக்குத் தீண்டாதவர் என்பவர் பார்சிக்கும் தீண்டாதவரே என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டதாக அவர் பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

இன்னொரு பார்சி

பம்பாயில் பிழைப்புத் தேடினார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்று தொடங்கினார். வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள். ஆலோசகர் இன்ன ஜாதி என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தொழில் படுத்துவிட்டது.

பம்பாய் அன்று பெரிய வியாபார நகரம். பார்சி, பாட்டியா, மார்வாரி, போரா, கோஜா என்று பல வகுப்பார் அங்கே செல்வம் சேர்த்தார்கள். அவர்களுடைய உழைப்பையும் சாமர்த்தியத்தையும் யாரும் மறுக்கமுடியாது. ஆனால் உழைப்போடு இன்னொன்றும் அவர்களுக்கு இருந்தது. புதிதாகக் கடை வைக்கும் இளைஞனுக்குச் சொந்த வகுப்பார் கடன் கொடுப்பார்கள். மாமன் கடையில் கணக்குப் பழகலாம். வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கலாம். இன்னார் மகன் என்ற பெயரே ஒரு ஜாமீன்.

மகர் இளைஞனுக்கு மாமன் கடை ஏது? கடன் கொடுப்பவர் யார்? சிலருக்குப் பிறப்பே மூலதனம். சிலருக்குப் பிறப்பே கடன்.

1918 நவம்பரில் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய் சம்பளம். மாணவர்கள் அவருடைய வகுப்பை விரும்பிக் கேட்டார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள்!

அவர் மனம் தளரவில்லை. சிக்கனமாக இருந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மகாராஜா சாகு உதவினார். நாவல் பதேனா என்ற நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். அந்த நண்பர் யார்? ஒரு பார்சி! சத்திரத்திலிருந்து விரட்டியவர்களும் பார்சிகளே. கைகொடுத்து உதவியவரும் ஒரு பார்சியே.

1920-ல் மறுபடியும் லண்டன். அரை வயிற்றுச் சாப்பாடு. நாள் முழுவதும் நூலகம். ஊரில் ரமாபாய் மிகுந்த வறுமையில் குடும்பத்தை நடத்தினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அந்தத் தாய் பட்ட துன்பம் இல்லாமல் இந்தப் பட்டங்கள் இல்லை.

1922-ல் பாரிஸ்டர் ஆனார். 1923-ல் பொருளாதார டாக்டர் பட்டம். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூல் அந்த ஆண்டில் வெளிவந்தது. நாணயக் கொள்கையை ஆராய வந்த அரசாங்கக் கமிஷன் முன்பு 1925-ல் சாட்சியம் சொன்னார். மாகாணங்களின் நிதி பற்றிய நூலுக்காகக் கொலம்பியா 1927-ல் இன்னொரு டாக்டர் பட்டம் தந்தது.

நூலை வாயால் உறிஞ்சுவதா?

இனித் தம் கதை போதாது. தம் மக்களின் கதையை மாற்றவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1927 மார்ச் 20-ந் தேதி மகாட் என்ற ஊரில் பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் பின்தொடர்ந்தார்கள். அது எல்லோரும் அறிந்த வரலாறு. செத்த மாட்டை இனி இழுப்பதில்லை என்ற உறுதியும் அந்தக் காலத்தில்தான் மகர்களிடையே பரவியது.

1928-ல் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். மகர்களின் மானிய ஊழியத்தைப் பற்றிய மசோதா அது. அந்த ஊழியத்தில் ஒரு கொடுமை இருந்தது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் அல்ல, யார் இருந்தாலும் வேலைக்குப் போகவேண்டும். பகல் இரவு என்ற கணக்கும் இல்லை. அற்ப நிலத்துக்கு ஆசைப்பட்டு ஒரு ஜாதி முழுவதும் ஊருக்கு அடிமையாகக் கிடந்தது. விரும்புகிறவர்கள் நிலத்துக்கு முழு வரியைக் கட்டிவிட்டு ஊழியத்திலிருந்து விடுபடலாம் என்பது மசோதாவின் முக்கிய அம்சம். மசோதா நிறைவேறவில்லை. அந்த முறையை ஒழிக்க 1958-ல்தான் பம்பாயில் சட்டம் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பட்டணத்து ஆலைகளில் மட்டும் ஜாதி இல்லையா? இருந்தது!

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவு இலாகாவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டாதாரைச் சேர்ப்பதில்லை. காரணம் வேடிக்கையானது. தறியில் ஓடும் நாடாவில் தார் தீர்ந்துபோனால், புதுத் தார் போடவேண்டும். அதன் நூல் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி எடுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். அதனால் தீட்டு என்று மற்றத் தொழிலாளர்கள் ஆட்சேபித்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கூலி குறைந்த நூற்பு இலாகாதான்.

1928-ல் பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் ஒற்றுமை என்று தலைவர்கள் முழங்கினார்கள். நெசவு இலாகாக் கதவையும் திறக்கவேண்டும் என்ற கோரிக்கையை அம்பேத்கர் எழுப்பினார். முதலாளியிடம் நியாயம் கேட்கிற தொழிலாளி, பக்கத்துத் தொழிலாளிக்கு நியாயம் தரவேண்டாமா என்பதே அவருடைய வாதம்.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1938-ல் மன்மாடில் ரெயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் இதையே விளக்கினார். ரெயில்வேயில் தாழ்த்தப்பட்டவர் கடைசிவரை தண்டவாளக் கூலியாகவே இருக்கவேண்டும். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏன்? போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தம் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். தீண்டாதவர் வீட்டுக்குள் வரக்கூடாதே!

மறுபடியும் ஒரு வண்டி

தாழ்த்தப்பட்டவர்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. அம்பேத்கர் அதில் ஓர் உறுப்பினர். 1929-ல் அந்த வேலையாகச் சாலிஸ்காவ் ஊருக்குப் போனார்.

ரெயில் நிலையத்திலிருந்து அவரை அழைத்துப்போக எந்தக் குதிரை வண்டிக்காரனும் இசையவில்லை. கடைசியில் ஒருவன் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தான், ஓட்ட மறுத்தான். ஓட்டிப் பழக்கம் இல்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். சிறிது தூரத்தில் பாலத்தின் மேல் வண்டி நிலை தடுமாறியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

1901-ல் பத்து வயதுப் பையன். 1929-ல் பாரிஸ்டர், டாக்டர், சட்டசபை உறுப்பினர். ஆனால் வண்டிப் பேரம் மாறவே இல்லை!

அந்தக் கமிட்டி இன்னொரு பெரிய உண்மையைக் கண்டறிந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் உரிமை கேட்டால் ஊரார் அடிப்பது குறைவு. பட்டினி போடுவதே அதிகம். நிலத்தைக் குத்தகைக்குத் தரமாட்டார்கள். வயலில் கூலி வேலை கிடையாது. கடைக்காரர் உப்பும் தரமாட்டார். தடியில்லாத அடி இது. போலீசில் புகார் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே ஊர்க் கட்டுப்பாடு போடுவதைக் குற்றம் ஆக்கும்படி லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அவர் கோரினார்.

அவர் கண்ட உண்மை

1936-ல் ஜாதி ஒழிப்புப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜாதியால் ஒரு நன்மை உண்டு, அது தொழிலைப் பிரித்துக் கொடுக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் வாதாடினார்கள். அவர் அதை மறுத்தார்.

தொழிலைப் பிரிப்பது வேறு; தொழிலாளரைப் பிரிப்பது வேறு. தச்சு வேலை ஒருவருக்கு, கொல்லு வேலை ஒருவருக்கு என்று திறமை பார்த்துப் பிரிப்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் தச்சன் மகன் கொல்லன் ஆகக்கூடாது, ஒருவன் மேல், மற்றவன் கீழ் என்று பிறக்கும் முன்பே முடிவு செய்வது எந்தப் பொருளாதாரம்? ஒரு தொழில் நசிந்தால், அந்த ஜாதிக்காரர் வேறு தொழிலுக்குப் போக ஜாதி விடுவதில்லை. அதனால் வேலையில்லாத் திண்டாட்டம் வளர்கிறது. பிடிக்காத வேலையைத் தலைவிதி என்று செய்பவனுக்கு அதில் மனம் பதியுமா? நாட்டின் செல்வம்தான் பெருகுமா? இதுவே அவர் எழுப்பிய வாதம்.

அதே ஆண்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். கொங்கணத்தில் கோத் என்ற வரிவசூல் நிலக்காரர்கள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்துவந்தார்கள். அந்த முறையை ஒழிக்க 1937-ல் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் பம்பாய் சட்டசபையை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். குன்பிகளும் மகர்களும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தார்கள். வயிற்றுப் பிரச்சினை ஜாதி வேலியைத் தாண்டவைத்த நாள் அது.

1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை வகித்தார். 1943-ல் மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியாக இருந்தது. அது 1946-ம் ஆண்டுச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது.

கடை என்றால் என்ன?

சுதந்திரம் வந்தது. 1947 ஆகஸ்டு 29-ந் தேதி அரசியல் சட்ட வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அம்பேத்கர் அதன் தலைவர் ஆனார்.

1948 நவம்பர் 29-ந் தேதி. கடைகள், ஓட்டல்கள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றில் யாரையும் ஜாதி, மத பேதம் காட்டித் தடுக்கக்கூடாது என்ற விதி அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. நாகப்பா என்ற உறுப்பினர் ஒரு சந்தேகம் கேட்டார். கடை என்ற சொல்லில் முடிதிருத்தும் நிலையமும் சலவைக் கடையும் அடங்குமா என்பது அவர் கேள்வி.

அம்பேத்கர் விளக்கம் சொன்னார். கடை என்பதற்கு மிக விரிந்த பொருள் உண்டு. நிபந்தனைக்கு இசைந்து வருகிற எவருக்கும் தம் சேவையை அளிக்க ஒருவர் காத்திருக்கும் இடம் எதுவும் கடைதான் என்றார்.

சதாராவில் தம்பியின் தலைமுடியை வெட்டிவிட்ட அக்காவை இங்கே நாமும் நினைக்கலாம். ஒரு வீட்டின் வேதனையாக இருந்தது, ஒரு நாட்டின் சட்டம் ஆயிற்று. தீண்டாமையை ஒழிக்கும் விதியும் அன்றே நிறைவேறியது.

அரசியல் சட்டம் இன்னும் சில வாசல்களைத் திறந்தது. சர்க்கார் வேலையில் சம வாய்ப்பு. எந்தத் தொழிலையும் செய்ய உரிமை. கூலியில்லாத கட்டாய வேலைக்குத் தடை. இவற்றை அவர் ஒருவரே எழுதிவிடவில்லை. பலர் சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் அந்தச் சபையில் இந்த வரிகளின் விலையைச் சொந்த வாழ்வில் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்ட மசோதா தடைப்பட்டதால், 1951-ல் மந்திரி பதவியை விட்டு விலகினார். 1956 அக்டோபர் 14-ந் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி டில்லியில் காலமானார். 1990-ல் பாரத ரத்னா விருது அவருடைய பெயருக்கு வழங்கப்பட்டது.

பிறகு என்ன ஆயிற்று?

அவரோடு பௌத்தம் தழுவிய மக்களுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. மதம் மாறியதால் அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்ற மத்திய அரசுப் பட்டியலில் இடம் இழந்தார்கள். படிப்பு, வேலைச் சலுகைகள் நின்றன. 1990-ல்தான் பௌத்தர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார் என்பது அவருடைய மகனின் உத்தியோகத்தையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஊர்க் கட்டுப்பாட்டைக் குற்றம் ஆக்கவேண்டும் என்று வட்டமேஜை மாநாட்டில் கேட்டார் அல்லவா? அதற்கென்றே தனிச் சட்டத்தை மகாராஷ்டிர சட்டசபை 2016-ல் நிறைவேற்றியது. அவர் கேட்டது 1930-களின் வாசலில். கிடைத்தது எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து!

சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் வாடகை பேசாமல் ஜாதி விசாரிக்கும் பழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் பிறப்பின் கணக்குத் தெரிகிறது.

ஒரு வீட்டின் கதவை எந்தச் சட்டமும் உள்ளிருந்து திறக்காது. அதை வீட்டுக்காரர்தான் திறக்கவேண்டும். இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டியில் ஆள் ஏறாத அந்த இரவை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் சொல்லுங்கள். நீட்டுகிற கையைப் பார்க்காமல் காசை மட்டும் பார்க்கும் கடை எது, கையைப் பார்த்து முகம் சுளிக்கும் கடை எது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.